சகலைக்கு ஒரு ட்ரைபாட்

சகலை எடுத்த மலைப் படத்தை மாமனார் கூடத்தில் மாட்டிய நாளிலிருந்து மூத்த மருமகனுக்கு வயிறு எரிந்தது. போட்டிக்கு விலையுயர்ந்த கேமராவே வாங்கிவிட்டார்.

இன்று அந்தச் சகலை அவரைக் கடைக்குக் கூட்டி வந்திருந்தார்.

"மலையேறத் தூக்கிட்டுப் போக லேசான ட்ரைபாட் வேணும். நீங்களே சொல்லுங்கண்ணே."

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இது கொஞ்சம் கனம், ஆனா அசையாது."

மற்றதற்குக் குச்சிக் கால்கள். மலைக்காற்று அடித்தால் கேமராவோடு குப்புற விழும் என்பது மூத்தவருக்குத் தெரியும்.

"இதையே எடுங்க. கண்ணை மூடிட்டு வாங்கலாம்," என்றார். உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

சகலை அதை வாங்கி அவர் கையிலேயே வைத்தார்.

"பிறந்தநாள் பரிசுண்ணே, உங்களுக்குத்தான்! நாளைக்கு மலை உச்சியில உங்க புதுக் கேமராவை இதுலதான் மாட்டுறோம்."