காரணம்: மற்றவை

உயரழுத்த மின்கம்பித் தடத்துக்காக வனத் திட்டத்தைத் திருத்துவதற்கு ஆட்சேபம் சொல்ல அன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம். மனிதர்களின் மனுக்களை, இயந்திரம் எழுதியவை என்று மொத்தமாகத் தள்ளிவிடும் காலம் அது. கண்காணிப்புக் கழுத்துப்பட்டை கட்டிய விலங்கு அந்தத் தடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் மட்டுமே ஆட்சேபமாகப் பதிவாகும்.

வனக் காவலர் மாசியின் மனுவும் தள்ளுபடியாகியிருந்தது. மகளை அவர் புதைத்த சரிவு தடத்துக்குள் வருகிறது. சென்ற ஆண்டு அதே சரிவில் கன்றைப் பறிகொடுத்த, பட்டை கட்டிய யானை அங்கே ஐம்பது நிமிடமாக நின்றுகொண்டிருந்தது.

“பலாப்பழம் ஏதும் வச்சீங்களாண்ணா?” என்று பதிவாளர் ரெஜினா கேட்டார்.

“பழத்துக்குன்னா தின்னுட்டு அப்பவே கிளம்பியிருக்குமுங்க மேடம். புள்ளைகிட்ட நிக்குதுங்க.”

ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் ஒரு மணி நேரம் நிறைந்தது. ரெஜினாவின் கணினித் திரை, யானை நிற்பதற்குக் காரணம் கேட்டது. தீவனம், தண்ணீர், வழித்தடம் என்றிருந்த பட்டியலில் ரெஜினா ‘மற்றவை’யைத் தொட்டு, ‘பிள்ளை இங்கே இருக்கிறது’ என்று எழுதி, அதை மாசிக்கு வாசித்துக் காட்டினார்.

மாசி, “யாரு புள்ளைன்னு கேக்குதுங்களா?” என்றார்.

“அதுக்குக் கட்டமே இல்லண்ணா” என்று சொல்லி ரெஜினா பதிவை அனுப்பினார்.