பேர் வந்த வழி

மகளுக்கு ஊர் உலகத்தில் இல்லாத பேர். பள்ளிக்கூடத்தில் பேர்க்காரணம் கேட்டுவரச் சொன்னதால், அதை வைத்தே தீருவேன் என்று நின்ற மாமனாரிடமே விசாரித்தாள் மருமகள்.

“என் பொண்ணு பேரும்மா. அஞ்சு வயசுல போயிட்டாளே, அவ பேரு.”

“அவளுக்கு யாரு மாமா வச்சது?”

அவர் பூண்டு உரித்தபடியே சொன்னார். “அவ பொறந்த அன்னிக்குப் பின்வாசல்ல யாரோ அந்தப் பேரைச் சொல்லி, ‘சாப்பிட வாடி, ஆறிப்போகுது’ன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா ஆளைக் காணோம். குரல்ல அவ்வளவு பாசம். அதையே வச்சுட்டோம்.”

பொழுது சாய்ந்ததும் அவள் பின்வாசலில் நின்று மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். “சாப்பிட வாடி, ஆறிப்போகுது.” தினமும் சொல்வதுதான்.

மகள் ஓடிவந்து உட்கார்ந்தாள். வெளியே இன்னொரு பிஞ்சுக் குரல், “இதோ வந்துட்டேன்” என்றது.

மாமனார் எழுந்து இன்னொரு தட்டைக் கழுவினார்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு,” என்றார் பேத்தியிடம். “அத்தை வர்றா.”