மைனா சொன்ன வழி

புங்கமரத்துக் கொண்டைக்குருவிக்கு ஒரே கவலை. இறக்கை நன்றாக முளைத்த பிறகும் அதன் குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்கவே மாட்டேன் என்றது.

பக்கத்துக் கிளை மைனா சிரித்தது. “இதுக்குப் போயா கவலைப்படுற? பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளு. என் பிள்ளைங்களை அப்படித்தான் பழக்கினேன். நம்பிக்கை இல்லேன்னா அதுங்களையே கேளு.”

குருவி கேட்டது. மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த மைனாக் குஞ்சுகள் இரண்டும், “அம்மா தள்ளினாங்க, நாங்க பறந்துட்டோம்!” என்று கூவின.

குருவிக்குத் தெம்பு வந்தது. குஞ்சின் முதுகில் அலகை வைத்தபோதுதான் ஒன்று உறைத்தது.

“மைனாக்கா, நீங்க நாலு குஞ்சு பொரிச்சீங்களே?”

“ஆமா. மத்த ரெண்டும் தள்ளினதுமே பறந்து எங்கேயோ தூரமாப் போயிருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைங்க!”

மரத்தடியில் தொந்தியும் தொப்பையுமாகப் படுத்திருந்த பூனை சோம்பல் முறித்து எழுந்தது.

“யோசிக்காம தள்ளும்மா. எத்தனையோ வருஷமா நானும் கீழேயிருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த வழியைப் பத்தி இதுவரைக்கும் எங்கிட்ட ஒரு குஞ்சுகூடக் குறை சொன்னதில்லை.”