தூணுக்கு மூன்று நாள் லீவு

"மூணே நாள் அந்தப் பக்கம் தலைகாட்டாதீங்க. அப்பத்தான் உங்க அருமை அவங்களுக்குத் தெரியும்!" என்றாள் மனைவி.

செயலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படி அவர் பக்கம் நின்று பேசியதாக ஞாபகமே இல்லை. பிரார்த்தனை மன்றம் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் ஆயிற்றே!

நாற்பது பேர் சேர்ந்த மன்றத்துக்கு அவர்தான் எல்லாம். எதிரே பெரிய ஆஸ்பத்திரி. நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவிலேயே கிடக்கிறவர்கள் முந்நூறு பேருக்குத் தினமும் மத்தியானம் மன்றத்துச் சாப்பாடு. அரிசி எங்கே வாங்குவது, வேன் யாருடையது, எந்த வார்டுக்கு யார் போவது, எல்லாமே அவர் மண்டைக்குள்தான். ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. அவருக்கு அங்கே பட்டப்பெயரே 'தூண்'. அந்தப் பெயரைக் கேட்டால் அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் கூடும்.

போன வாரக் கூட்டத்தில்தான் வந்தது வினை. புதிதாக வந்த பொருளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இவ்வளவு பெரிய வேலை ஒரே ஆளை நம்பி நடக்கக் கூடாதுங்க. எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டா யார் வேணும்னாலும் செய்யலாமே?"

"இது கடவுள் காரியம், கம்பெனி இல்லை!" என்று எகிறினார் செயலாளர்.

"கடவுள் காரியம்கறதாலதான் சொல்றேன். நாளைக்கே உங்களுக்குக் காய்ச்சல் வந்தா, அந்த முந்நூறு பேரும் பட்டினி கிடக்கணுமா?"

செயலாளர் விருட்டென்று எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து குமுறித் தீர்த்தபோதுதான் மனைவி இந்த யோசனையைச் சொன்னாள். "முதுகு பிடிச்சுக்கிச்சு, டாக்டர் அசையவே கூடாதுன்னுட்டார்" என்று மன்றத்துக்குப் போன் செய்து சொன்னதும் அவளேதான்.

முந்நூறு பேரை நினைத்தால் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவ்வளவு தூரம் போகாது. ஒன்பது மணிக்கே அலறிக்கொண்டு கூப்பிடுவார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் போய் இறங்கினால் போதும், பத்து நிமிஷத்தில் எல்லாம் ஓடும். பொருளாளர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்!

முதல் நாள். மணி ஒன்பது. போன் அடிக்கவில்லை. பத்து. ஊஹூம்.

"இந்தப் போன்ல ஏதோ கோளாறு. உன்னோடதுல இருந்து ஒரு தடவை கூப்பிடு, பார்க்கலாம்."

மனைவி கூப்பிட்டாள். கணீரென்று அடித்தது.

"உங்களைத் தொந்தரவு பண்ணப் பயந்துக்கிட்டு, அங்கே முழி பிதுங்கி நிப்பாங்க" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு அவரால் தாங்க முடியவில்லை. தானே கூப்பிட்டார். சமையல் பொறுப்பில் இருக்கும் பெண் எடுத்தாள்.

"அண்ணே! முதுகு எப்படி இருக்கு? அசையாதீங்க!"

"என் முதுகு கிடக்கட்டும். கேஸ் வந்துச்சா? அந்த கேஸ்காரர் போனையே எடுக்க மாட்டாரே!"

"அதான் அவர் சம்சாரத்துக்குப் போட்டோம். காலையில ஏழு மணிக்கே சிலிண்டர் வந்துடுச்சு."

செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் மட்டுமே அறிந்த ரகசியம்.

"எலும்பு முறிவு வார்டுல ஒரு சிடுமூஞ்சி காவலாளி இருப்பாரே?"

"முதல் பொட்டலத்தை அவர் கையில குடுத்து, பேத்தி எப்படியிருக்கான்னு கேட்டா கதவைத் திறந்துடுவாராமே? கேட்டோம். திறந்துட்டார்!"

"வேன் டிரைவர்?"

"'கிளம்பிட்டேன்'னு அவர் சொன்னா, இன்னும் பல்லே விளக்கலைன்னு அர்த்தம்னு போட்டிருந்துச்சே! சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயிறே வலிச்சுப் போச்சுண்ணே. ஒரு மணி நேரம் முன்னாடியே கூப்பிட்டு எழுப்பிட்டோம்."

"எதுல போட்டிருந்துச்சு?"

"நீங்க குடுத்தனுப்பின நோட்டுலதான்! என்ன மனசுண்ணே உங்களுக்கு! வலியோட வலியா அவ்வளவையும் எழுதிக் குடுத்திருக்கீங்களேன்னு பொருளாளரே வாயடைச்சுப் போயிட்டார். காலைப் பிரார்த்தனையில தலைவர் உங்களுக்காக அழுதுட்டார்னா பார்த்துக்கங்க. சரிண்ணே, வரிசை நிக்குது, வெச்சுடறேன்."

வைத்தேவிட்டாள். மன்றத்தில் இதுவரை யாரும் அவருக்கு முன்னால் போனை வைத்ததில்லை.

முந்நூறு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு நிம்மதி. அவர் இல்லாமலே சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வலி. இரண்டும் சேர்ந்து வந்ததில் அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுகையைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவருக்குக் கை வந்த கலை.

"நோட்டாம் நோட்டு! நான் எப்ப எழுதினேன்? எவனோ வருஷக்கணக்கா என் பேச்சை ஒட்டுக் கேட்டு, ஒரு வரி விடாம எழுதியிருக்கான்! எல்லாம் அந்தப் பொருளாளர் வேலை. இப்பவே போய் அவரை உண்டு இல்லைன்னு ஆக்கறேன்!"

சட்டையைத் தேடினார். மனைவி இரண்டு காபியோடு வந்து, ஒன்றை அவர் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரை ஏன் வையறீங்க? சாப்பிட உட்கார்ந்தா போன், படுத்தா போன். உங்க பேச்சை இத்தனை வருஷம் பக்கத்துல இருந்து கேட்டது யாரு? நான்தான் எழுதினேன். நேத்து சாயங்காலம் நானேதான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"நீயா? என் பக்கம் பேசிக்கிட்டே எனக்கு எதுக்குடி இந்த வேலை பார்த்தே?"

"கடவுளுக்கு அங்கே நாற்பது பேர் இருக்காங்க" என்றாள் அவள். "எனக்கு நீங்க ஒருத்தர்தானே?"