பெயர் சொல்லாத தகவல்

பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வெண்பாவின் கைபேசிக்கு அரசின் இதயநோய்ப் பதிவகத்திலிருந்து தகவல் வந்தது. 'உங்கள் உடன்பிறந்தவர் ஒருவருக்குப் பரம்பரை இதயநோய் இருப்பது ரத்தப் பரிசோதனையில் உறுதியாகியுள்ளது. பெயரைச் சட்டப்படி வெளியிட இயலாது. ஏழு நாட்களுக்குள் நீங்களும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்.'

அவளுக்கு உடன்பிறந்தவன் ஒருவன்தான். அண்ணன் நிலவனோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது. நெஞ்சு வலிக்கிறது என்ற அப்பாவுக்கு, வாயுத் தொல்லை என்று நினைத்து அவன் ஓமத் தண்ணீர் கொடுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அப்பா போய்விட்டார். "அப்பாவக் கொன்னது நீதான்" என்று இழவு வீட்டில் எல்லார் முன்னாலும் வெண்பா கத்தினாள். அதன்பின் அவன் அவள் வாசலை மிதிக்கவே இல்லை.

டிபன் பாக்ஸை மூடிவிட்டு, சித்தியிடம் எண் வாங்கி அழைத்தாள்.

"அண்ணா, நான் வெண்பா..."

"உனக்கும் தகவல் வந்துருச்சா?" என்றான் நிலவன். "இந்த நோய் அப்பாகிட்ட இருந்து வந்ததாம். டாக்டர் சொன்னாரு."

"அன்னிக்கு நான் பேசினது..."

"அத விடு. ரத்தம் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"ஊசியப் பாத்தாலே மயங்கி விழுவ நீ. தனியாப் போகாத, நாளைக்குக் காலைல நான் வரேன்."