மங்காத பாட்டில்

“செத்துப்போனவர் செஞ்ச பாட்டில் எப்படிண்ணே மாசாமாசம் பிரகாசமாகும்?”

கேட்டவள் புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரி. லேப் உதவியாளர் இருட்டறையின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டார்.

“அதை நோண்டாதீங்கம்மா. அவன் இன்னும் இங்கதான் இருக்கான். ஞாயித்துக்கிழமை பூட்டின லேபுக்குள்ள பம்பு ஓடுற சத்தம் கேட்குதுன்னு வாட்ச்மேன் சத்தியம் பண்றாரு.”

அவன் என்றால், அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன். ஒளிவிடும் நானோ துகள் செய்வதுதான் வேலை. கொதிக்கிற எண்ணெயில் மருந்தைச் செலுத்தி, இத்தனை விநாடி என்று நிறுத்தினால் துகள் பச்சையாக ஒளிரும். கொஞ்சம் அசந்தால் துகள் பெரிதாகி மஞ்சள், இன்னும் அசந்தால் சிவப்பு. பச்சையில் அவனை மிஞ்ச ஆளில்லை. பேரே ‘பச்சை’ என்றாகிவிட்டது. ரெண்டு வருஷம் முன்னால் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான்.

அவன் கடைசியாகச் செய்த பாட்டில் மட்டும் இருட்டறை அலமாரியில், அவன் கையெழுத்து லேபிளோடு இருந்தது. மாசத்தின் முதல் திங்கட்கிழமை அவன் அம்மா வருவார். யூவி டார்ச் அடித்ததும் பாட்டில் பச்சையாக எரியும். அந்த அம்மா பத்து நிமிஷம் நின்று பார்ப்பார். சில சமயம் அதோடு பேசுவார். போய்விடுவார்.

புதியவளுக்குப் பேய், பிசாசு என்றாலே எரிச்சல். மூடிவைத்த பாட்டில் மூணு மாசத்தில் மங்கியாக வேண்டும். அதுதான் அவள் படித்த படிப்பு.

அன்றைக்கு முதல் திங்கள். அம்மா வருவதற்குள் பாட்டிலைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். பச்சையின் நோட்டில் ஒளியின் அலைநீளம் என்று எழுதியிருந்த எண் ஐந்நூற்று இருபது. கருவி காட்டியது ஐந்நூற்று இருபத்தாறு.

துகள் பெரிதானால்தான் அந்த எண் ஏறும். மூடின பாட்டிலுக்குள் துகள் வளர்ந்திருக்கிறது. அவளுக்கே முதுகு சில்லிட்டது.

லேபின் திரைகளையெல்லாம் மூடி, விளக்கை அணைத்து, டார்ச்சை மெதுவாக ஓட்டினாள். செத்தவன் வேலை செய்த மேசையின் ஓரத்தில், பச்சையாக நாலு விரல். வெள்ளிக்கிழமை அவளே துடைத்துவிட்டுப் போன மேசை.

ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடவில்லை. விரல் தடம் போன வழியே போனாள். ஹீட்டர் சுவிட்ச், அலமாரிக் கதவு, கடைசியில் ஒரு மேசை டிராயர். திறந்தாள்.

உள்ளே இருபது பாட்டிலாவது இருக்கும். கடைசி ரெண்டு மட்டும் லேசாக எரிந்தன. மற்றதெல்லாம் அணைந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு பசை டப்பா.

“மூடு அதை.”

பின்னால் சிடுமூஞ்சி நின்றிருந்தார். அங்கே மூத்த ஆராய்ச்சியாளர். சிரித்து யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பேர். டார்ச் பட்டதும் அவர் விரல் நுனிகள் பச்சையாயின.

“நீங்கதானா சார்? மாசாமாசம் புதுசா செஞ்சு, பழைய லேபிளை உரிச்சு ஒட்டி... பெத்தவங்ககிட்ட விளையாடுற விளையாட்டா இது?”

சிடுமூஞ்சி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“அன்னிக்கு வீட்டுக்குக் கிளம்பினவனை போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டது நான். ஹீட்டரை அணைக்காம போயிட்டியேன்னு கத்தினேன். வந்தான். அணைச்சுதான் இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசாம திரும்பிப் போனான். அப்பதான் லாரி.”

“அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரிஞ்சா என் மூஞ்சியில முழிப்பாங்களா? மூணாம் மாசம் பாட்டில் மங்கிடுச்சு. அவங்க நின்ன நிலையை என்னால பார்க்க முடியலை. அதான்.”

“பாவம்தான் சார். அதுக்காகப் பொய் உண்மையாயிடுமா? நான் சொல்லத்தான் போறேன்.”

அவர் தடுக்கவில்லை. எழுந்து போய்ப் பாட்டிலை அதன் இடத்தில் வைத்தார்.

அம்மா வந்தார். இருட்டில் டார்ச் எரிந்ததும் அவர் முகம் பச்சையானது, கண்ணுக்குள் ரெண்டு சின்னப் பச்சைப் புள்ளி.

“சாப்பிட்டியாடா?” என்றார் பாட்டிலிடம். கொஞ்ச நேரம் காத்திருந்தார். யாரோ பதில் சொன்னதுபோல் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் சிடுமூஞ்சியிடம் சொன்னார்.

“இன்னும் எரியுதுப்பா. உங்களையெல்லாம் விட்டுப் போக அவனுக்கு மனசில்லை.”

சிடுமூஞ்சி பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

புதியவள் வாசல் வரை கூடவே போனாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“அம்மா, அந்தப் பாட்டில் உங்க பையன் செஞ்சது இல்லை.”

“தெரியும்மா. எனக்கும் வீட்டுல ஒண்ணு குடுத்து வச்சிருந்தான். அது எப்பவோ அணைஞ்சிடுச்சு.”

“செய்யறது யாருன்னு...”

“அதுவும் தெரியும். கடைசியா கூப்பிட்டது யாருன்னு அவன் போன்லயே இருந்துச்சே.”

அவள் நடையை நிறுத்தினாள்.

“எல்லாம் தெரிஞ்சுமா மாசாமாசம் வர்றீங்க?”

அம்மா திரும்பி மாடி ஜன்னலைப் பார்த்தார். கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு சிடுமூஞ்சி நின்றிருந்தார். அம்மா அவருக்குக் கையசைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நான் வர்ற வரைக்கும்தான் அந்தப் பிள்ளை உசுரோட இருப்பான். ஒருத்தனைப் பறிகொடுத்தது போதாதாம்மா?”