ஐந்தைத் தாண்டக் கூடாது

“வெடிமருந்தைக் குறைக்கக் குறைக்க ஆட்டம் கூடுதுன்னா நான் என்ன சார் செய்ய? மந்திரமா வச்சிருக்கேன்?”

பூலோகம் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். வைத்தான் என்பது மரியாதைக்கு, போட்டான்.

என்ஜினீயர் வெங்கடேஷ் ஒரு தாளை நீட்டினார். திங்கள் ஆறு. செவ்வாய் எட்டு. புதன் பதினொன்று.

டிராம்பே மலையடிவாரத்தில் குடிதண்ணீர்க் குழாய்க்காகப் பாறையைக் கிணறுபோலத் தோண்டுகிறார்கள். பாறையில் குழி போட்டு, மருந்து திணித்து வெடிக்க வைப்பது பூலோகத்தின் வேலை. பதினாலு வருஷ அனுபவம், அரசாங்க லைசன்ஸ். வெடிக்கும்போது வீடுகளில் தரை எவ்வளவு அதிர்கிறது என்று பார்க்க, பக்கத்துக் குடியிருப்பில் பேராச்சி என்கிற அம்மாள் வீட்டுத் தரையில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அது காட்டும் எண் ஐந்தைத் தாண்டக் கூடாது. தினமும் வெடி முடிந்ததும் வெங்கடேஷ் போய் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார்.

“திங்கக்கிழமை குழிக்கு நாலு மருந்துத் தோட்டா போட்டேன். நேத்து ஒண்ணே ஒண்ணு. தீபாவளிக்குச் சின்னப் பிள்ளையள் போடுற வெடி சார் அது! அதுக்குப் பதினொண்ணா?”

“எனக்கும் புரியலை பூலோகம். ஆனா மேல இருக்கறவாளுக்கு நம்பர்தான் தெரியும். இன்னிக்கும் தாண்டித்துன்னா வேலை பந்த். உங்க லைசன்ஸையும் சஸ்பெண்ட் பண்ணிடுவா.”

லைசன்ஸ் போனால் பூலோகத்துக்கு வேறு தொழில் தெரியாது. தாராவியில் இருக்கும் மச்சான் இட்லிக் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். பாறையை உடைத்த கையால் சட்னி ஊற்றுவதை நினைத்தாலே இவனுக்கு அழுகை வந்தது.

வெங்கடேஷ் குரலைத் தாழ்த்தினார். “அந்தம்மா மேலதான் எனக்கு டவுட். தினம் கேட்டுக்கு வந்து, இன்னிக்கு எத்தனை மணிக்கு வெடின்னு வாட்ச்மேன்கிட்ட விசாரிக்கறா. வெடிக்கற நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கறாளாம். பெட்டியைப் போட்டு உதைக்கறாளோ என்னமோ!”

“எதுக்கு சார் உதைக்கணும்?”

“வேலை நிக்கணும்னுதான். வெடிச் சத்தம் பிடிக்காம இருக்கலாம். யாராவது ஏத்தி விட்டிருக்கலாம்.”

பூலோகத்துக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “அப்போ இன்னைக்கு வெடிக்கும்போது நாம அவ வீட்டுல இருப்போம் சார். கையும் களவுமா பிடிப்போம்.”

வெடிக்க வைக்கும் கருவியின் சாவி எப்போதும் அவன் சட்டைப்பையில்தான் இருக்கும். வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டான். இந்த வேலையில் அதுதான் முதல் பாடம். இன்று அதை, இன்னொரு லைசன்ஸ்காரனான முகைதீனிடம் மனசே இல்லாமல் கொடுத்தான்.

“குழிக்கு ஒண்ணுதான் போட்டிருக்கேன் பாய். மூணாவது சைரன் ஊதுன பிறகு வெடிங்க.”

இருவரையும் ஒன்றாக வாசலில் பார்த்ததும் பேராச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஐம்பது வயதிருக்கும். “பெட்டிக்கு எதுவும் ஆயிட்டா தம்பி?”

“நீங்கதான்க்கா சொல்லணும்,” என்றான் பூலோகம் வெடுக்கென்று. “யாரும் அதைத் தொடுதாவளா?”

“வேற யாரு தொடப் போறா? பிள்ளையளைக்கூட அந்தப் பக்கம் அண்ட விடமாட்டேன்.”

வீட்டில் பாதி இடத்தை நீல டிரம்கள் அடைத்திருந்தன. எல்லாம் காலி. “நாலு நாளா பாணி இல்ல, சொட்டுத் தண்ணி இல்ல. கீழ ரோட்டுக்குப் போயி டேங்கர்ல பிடிச்சுச் சொமந்துட்டு வாறோம். உங்க குழா வந்தாத்தான் எங்களுக்கு விடிவு,” என்று சொல்லிக்கொண்டே, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் இரண்டு டம்ளர் டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

‘என்னமா நடிக்கிறா!’ என்று பூலோகம் நினைத்துக்கொண்டான். டீ நன்றாகத்தான் இருந்தது.

முதல் சைரன் ஊதியது. பேராச்சி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெங்கடேஷ் முழங்கையால் பூலோகத்தை இடித்தார்.

இரண்டாவது சைரன். பேராச்சி நேரே பெட்டியிடம் போனாள். பூலோகம் எழுந்தேவிட்டான். ‘பொறுங்க, முழுக்கப் பார்ப்போம்’ என்பதுபோல் வெங்கடேஷ் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூன்றாவது சைரன். பேராச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். கண்ணை மூடினாள். பயத்தில் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

தூரத்தில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். டம்ளரில் மிச்சமிருந்த டீகூட அசையவில்லை. பெட்டி பதினான்கு காட்டியது.

பூலோகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டியையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தான்.

பேராச்சி மெல்லக் கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் வேர்வை. “இந்தப் பெட்டி ஆடுனா வேலை நின்னுரும், தண்ணி வராதுன்னு வச்ச அன்னைக்கே சொல்லிட்டாவ தம்பி. அன்னையிலேருந்து ஒரு வெடிக்குக்கூட இதை நான் தரையில விட்டதில்ல. அப்படியும் சார் தினம் வந்து பாத்துட்டு மூஞ்சியைத் தூக்கிட்டுப் போனாரா, நானும் நாளுக்கு நாள் இன்னும் இறுக்கித்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்!”